முடுக்கில் விழுந்த சொல்

கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் இரண்டு வாசல். முன்வாசல் தெருவில் திறக்கும், அது ஆண்களுக்கு. பின்வாசல் முடுக்கில் திறக்கும், அது பெண்களுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தி தோளைச் சாய்த்துத்தான் வழிவிட முடியும் என்கிற அகலத்தில், வீடுகளின் முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே, கிணற்றடிகளையும் முருங்கை மரங்களையும் தொட்டுக்கொண்டு அந்த முடுக்கு போகும், போய்க்கொண்டே இருக்கும், அதில் நடந்தே ஒரு பெண் தெருவில் கால் படாமல் ஊரின் கடைசி வீடு வரைக்கும் போய் ஒரு வாய் தேயிலை குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். மீசை அரும்பிய எவனும் அதில் நுழைய மாட்டான். தேங்காய் பறிக்க வருகிறவன்கூட "ஆள் வருது, ஆள் வருது" என்று குரல் கொடுத்து, கதவுகள் சாத்துகிற சத்தம் அடங்கின பிறகுதான் வருவான். அப்பேர்ப்பட்ட முடுக்கில்தான், மர்ஜானாவின் லேப்டாப்பில் வைஃபை அறுந்து அறுந்து போன அந்த வருஷம், அறுந்த பேச்செல்லாம் போய் விழுந்தது.

மர்ஜானா வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியாக ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வகுப்பு. பிள்ளைகள் ஒவ்வொருவராக அலிஃப், பே என்று ஒப்பிப்பார்கள், இவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளையின் வாய் திறந்தபடி திரையில் உறைந்துவிடும். ஓரத்தில் இருக்கிற விசிறி போன்ற குறியில் ஒரு பெருக்கல் விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்துவிடும், வந்தால் அந்தப் பிள்ளை கடைசி எழுத்தையும் முடித்துவிட்டு "சரியா டீச்சர்?" என்கிற முகத்தோடு காத்திருக்கும். நடுவில் சொன்னது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

கேபிள் ஆபீசிலிருந்து பொன்ராசு வந்தான். முன்வாசலில் செருப்பைக் கழற்றி, மர்ஜானாவின் வாப்பா அலியார் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பிடம் வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பப் பாஸ்வேர்டு போட்டுச் சேர்த்தான். ஒரு நாள் நின்றது, மறுநாள் அறுந்தது. ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து அலமாரி தலையில் வைத்தான். அறுந்தது. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒரே சேனலில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்று இந்த வீட்டுக்கு மட்டும் ஆள் குறைந்த சேனலாகப் பார்த்துப் போட்டான். வைஃபை டிரைவர் மென்பொருளைத் தூக்கிப் புதிதாக ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் நிற்கும், மறுநாள் அறுந்துபோகும்.

"லைன்ல கோளாறே இல்ல, மாமா," என்று அலியாரிடம் சொன்னான். "சிக்னல் வீட்ட விட்டு எங்கயோ போவுது. பின்னாடிப் பக்கமா இருக்கலாம். நான் அங்க போய்ப் பாக்க முடியாதுல்லா."

அவன் போன அன்று சாயங்காலம்தான் அடுத்த வீட்டு ருக்கையா ராத்தா, ஒரு கிண்ணத்தில் வாடாப் பலகாரத்தை மூடி எடுத்துக்கொண்டு முடுக்கு வழியாக வந்தவள், மர்ஜானா வீட்டுப் பின்வாசலுக்கு நாலடி முன்னால், சலவைக் கல் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பிள்ளைக் குரல் 'ஜீம், ஹே, ஃகே' என்று சொல்வதைக் கேட்டாள். குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தள்ளிப் போனாள், குரல் நின்றது. கிட்டே வந்து நிழல் பட்டதும் மறுபடியும் 'ஜீம், ஹே, ஃகே' என்றது.

"ஏளா மர்ஜானா," என்று கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள், "உன் பாடத்துல மூணு எழுத்து இங்க கெடக்கு. வந்து எடுத்துக்க. யாராவது மிதிச்சிரப் போறாங்க."

மர்ஜானா வந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் அந்தக் குரல் இல்லாமல் போனது. ருக்கையா இரண்டு தரம் கேட்டபோது போகாதது, உரியவள் காதில் விழுந்ததும் போய்விட்டது. அன்றிலிருந்து அதுதான் சட்டம்: விழுந்த பேச்சு யார் கேட்டாலும் பேசும், யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர் கேட்ட பிறகு பேசாது.

முடுக்கு இதைப் புதிதாக வந்த மருமகளை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டது, அதாவது முதலில் குறை சொல்லியும் பிறகு வேலை வாங்கியும். சலவைக் கல்லில் துணி துவைக்க வந்தவர்கள், பிள்ளைக் குரல்கள் கிடந்தால் அவற்றின் மேல் சோப்புத் தண்ணீர் தெறிக்காமல் துவைத்தார்கள். பேரன் பேத்திகளை வெளிநாட்டில் விட்டிருக்கிறவர்கள் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தங்களுக்குச் சொல்லப்படாத ஓதலைக் கேட்டபடி மீன் ஆய்ந்தார்கள். ஒரு ஆடு மட்டும் அந்த இடத்தில் படுக்காமல் சுற்றிப் போனது. சிக்கல் வந்தது, ஒரு பிள்ளையின் வாப்பா நடுவில் புகுந்து "டீச்சர், நாளைக்கு லீவு வேணும்" என்று சொன்னது அறுந்து விழுந்தபோதுதான். அந்நிய ஆணின் குரல் முடுக்கில் கிடந்தது. அதைக் கடக்கும்போது தலையில் துணி போட வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்கப் பேச்சு நடந்தது.

"குரலுக்குக் கண்ணு உண்டா?" என்றாள் ருக்கையா. "நம்மள எப்படிப் பாக்கும்?"

"கண்ணு இல்லாட்டியும் ஆம்புளதானே," என்றாள் மர்ஜானாவின் சாச்சி ஆமினத், உம்மா மவுத்தாகி அடக்கமான நாளிலிருந்து அந்த வீட்டைத் தாங்குகிறவள்.

கடைசியில், தலையில் துணி போட்டுக்கொள்வது, அவசியமானதை மட்டும் கேட்பது, கேட்டதும் நிற்காமல் விலகிப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அந்த முடிவை எல்லாரும் அப்படியே பின்பற்றினார்கள். பின்னால் வந்த குழப்பமெல்லாம் அந்த மரியாதையினால் வந்ததுதான்.

இப்படி இருக்கும்போது மர்ஜானாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை முஃபீத், சரக்குக் கப்பலில் என்ஜின் பார்க்கிறவன். விடுமுறைக்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றிருந்தபோது கம்பெனி அவனை வேறொரு கப்பலுக்கு மாற்றி அனுப்பிவிட்டது. நிகாஹ் மட்டும் இப்போது லேப்டாப் வழியாக நடக்கட்டும், மாப்பிள்ளை ஊர் வந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்று இரு வீட்டாரும் பேசினார்கள். நிகாஹ் நடத்திவைக்கிற லெப்பை யோசித்துவிட்டுச் சம்மதித்தார், மாப்பிள்ளை சொல்கிற 'கபில்து' என்கிற ஒற்றை வார்த்தை, ஏற்றுக்கொண்டேன் என்கிற அந்த வார்த்தை, பெண்ணின் வாப்பா காதிலும் இரண்டு சாட்சிகள் காதிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழ வேண்டும் என்கிற ஒரே நிபந்தனையோடு.

மர்ஜானா வாப்பாவிடம் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பேச்சு அவள் காதுக்கு வந்தது. முஃபீத் முதலில் வேண்டாம் என்றானாம், அவனுடைய உம்மா மூன்று வேளை சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்த பிறகுதான் சரி என்றானாம். அந்த ஊரில் கல்யாணம் ஆனால் பெண் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து ஆயுசுக்கும் இருப்பான். மனசில்லாமல் வந்தவன் எப்படி இருப்பான் என்பதற்கு மர்ஜானா வேறு எங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு ருக்கையாவின் புருஷன் தன் உம்மாவுக்காகத் தலையாட்டியவர், முப்பது வருஷமாக அந்த வீட்டில் விருந்தாளியைப் போலத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் குடிக்கிறார். ருக்கையாவின் பரிகாசமெல்லாம் அந்த மௌனத்தை நிரப்பப் படித்துக்கொண்டது.

முஃபீத்தோடு திரையில் ஒரே ஒரு தடவை பேசினாள். சுற்றிலும் ஆள். அவன் "நல்லாருக்கியா?" என்றான், இவள் "ம்" என்றாள். அதிலிருந்து என்ன தெரியும்?

நிகாஹ் அன்று பொன்ராசு ஒரு நீல வயரோடு வந்து, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேரே இழுத்துவிட்டால் அறுகிற பேச்சுக்கே இடமில்லை என்றான். அலியார் சபையைப் பார்த்தார். வயர் போனால் சாப்பாட்டு விரிப்புக்குக் குறுக்கேதான் போக வேண்டும். வந்தவர்கள் தடுக்கி விழுந்தால் அதைவிட அவமானம் வேறில்லை என்று வயரைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லேப்டாப்பை உயரமான முக்காலியில் வைத்து, அதை யாரும் தொடக் கூடாது என்பதற்கு அடையாளமாக அத்தர் பூசிய ஒரு கைக்குட்டையைப் பக்கத்தில் போட்டார்கள். லெப்பை குத்பா உரையை ஓதினார், நீளமாக ஓதினார். திரையில் முஃபீத் தொப்பியோடு, பின்னால் இரும்புச் சுவரோடு உட்கார்ந்திருந்தான். அலியார் என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்றார். முஃபீத் மூச்சை இழுத்தான், வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றான். ஓரத்து விசிறியில் பெருக்கல் விழுந்தது.

மறுபடியும் தொடர்பு கிடைத்தபோது அங்கே வெறும் நாற்காலிதான் இருந்தது, பிறகு அதுவும் போனது. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது, இனி அடுத்த கரை வரைக்கும் பேச முடியாது என்று சேதி வந்தது. சபை சாப்பிட்டது, எழுந்து போனது. மர்ஜானா கல்யாணம் ஆனவளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பெண்கள் முடுக்குக்கு ஓடினார்கள். சலவைக் கல் பக்கத்தில், ஆள் நெஞ்சு உயரத்தில், அது கிடந்தது. முதலில் ஒரு மூச்சு, பிறகு தெளிவாக, 'கபில்து'. அந்த வார்த்தை வந்ததோ இல்லையோ ஆமினத் குரவையிட்டாள், அவளைத் தொட்டு அடுத்தவள், அவளைத் தொட்டு அடுத்தவள் என்று முடுக்கு முழுக்கக் குரவை ஓடியது. பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். தலையில் துணி போட்டார்கள், கிட்டே போனார்கள், வார்த்தையைக் கேட்டார்கள், குரவையிட்டார்கள், அந்நிய ஆணின் குரலாயிற்றே என்று விலகிப் போனார்கள்.

மறுநாள் பொன்ராசு வந்து லேப்டாப்பைக் குடைந்து நோயைக் கண்டுபிடித்தான். "இத தொடாம விட்டா, யாரும் இல்லன்னு நெனச்சு, பேட்டரிய மிச்சம் பிடிக்க வைஃபைய தூங்க வச்சிருது, மாமா. வகுப்புல அக்கா தொடாம கேட்டுட்டு இருந்தாங்க, அறுந்துச்சு. நேத்து எல்லாரும் தொடாம கேட்டுட்டு இருந்தீங்க, அறுந்துச்சு." ஒரு கட்டத்தில் இருந்த சின்ன டிக்கை எடுத்துவிட்டான். அதோடு சரி, அந்த லேப்டாப்பில் அப்புறம் அறுந்ததே இல்லை. முடுக்கில் கடைசியாகக் கிடந்தது முஃபீத்தின் குரல் மட்டும்தான்.

அதை என்ன செய்வது? பெண்கள் இத்தனை பேர் கேட்டோமே என்றார்கள். சபையில் அமர்த்திய சாட்சிகள் கேட்க வேண்டும் என்றார் லெப்பை. "வார்த்தை எங்க கெடந்தாலும் வார்த்தைதான். ஆனா அது கெடக்குற எடத்துக்கு நாங்க எப்படி வர்றது? வெவரம் தெரியாத வயசுல என் உம்மா இடுப்புல ஒக்காந்து வந்ததுதான்." சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. சாட்சிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். முடுக்குக்கு வெட்கமில்லை, ஆண்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது. கடைசியில் பெண்கள் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் ஒரு நாழிகை முடுக்கை அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அலியாருக்குச் சொல்லப்பட்ட வார்த்தை, அவர் கேட்டதும் போய்விடும், ஆகவே அவரும் சாட்சிகளும் ஒரே நேரத்தில் காதைக் கொடுக்க வேண்டும், அதுவரைக்கும் அலியார் அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. அவர் பாவம், தண்ணீர் வேண்டுமென்றாலும் முன்கட்டிலிருந்து கையைத் தட்டினார்.

மர்ஜானாவையும் விடவில்லை. கல்யாணமே அவளுடையதாயிற்றே, அவள் காதில் விழுந்து அது மறைந்துபோனால்? ஆமினத் பின்வாசல் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்தாள்.

"என்ன சொன்னாங்கன்னுதான் உனக்குத் தெரியும்ல," என்றாள்.

"எப்படிச் சொன்னாங்கன்னு தெரியாது, சாச்சி."

எப்படி என்று கேட்டால் ஒருத்தி சிரிப்பை அடக்கினாற்போல என்றாள், ஒருத்தி மருந்து விழுங்கினாற்போல என்றாள், ஒருத்தி நான் அவ்வளவு கிட்ட நிற்கவில்லை என்றாள். மர்ஜானா கணக்காக யோசித்தாள். வெள்ளிக்கிழமை அவர்கள் கேட்டுவிட்டால் முடிந்தது, அவள் மனைவி. அவர்கள் கேட்பதற்கு முன்னால், வேண்டாம் வாப்பா, போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அலியார் போக மாட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தக் குரலுக்குள் இருந்தது. அதைத்தான் அவள் கேட்கக் கூடாது என்றார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், சோறு உண்டு ஊரே கண்ணயர்ந்திருந்த வேளையில், அவள் மூட்டையை நகர்த்தினாள். கதவைத் திறந்தால் ருக்கையா ராத்தா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வருவேன்னு தெரியும்," என்றாள். "மூட்டைய இழுத்த இழுப்புல எங்க வீட்டுக் கோழி முழிச்சிட்டு."

"ராத்தா, தடுக்காதீங்க."

"தடுக்க வரல. காவலுக்கு வந்தேன்." ருக்கையா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அது மறஞ்சு போச்சுன்னா என்னளா செய்வே?"

"மறஞ்சா எனக்குச் சொன்னதுன்னு ஆகும்ல."

ருக்கையா கிணற்றுச் சுவரில் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டு ஆள் சொன்னத நான் கேக்கல," என்றாள். "உள்கட்டுல இருந்தேன். வந்து, சொல்லிட்டாரு சொல்லிட்டாருன்னு பாயாசம் குடுத்தாங்க. கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். போ. நல்லாக் கேளு."

மர்ஜானா நடந்தாள். முருங்கை இலை நிழல்கள் தரையில் மீன் குஞ்சுகளாக ஓடின. சலவைக் கல் பக்கம் அவள் நிழல் பட்டது. தூரத்தில் ஒரு என்ஜின் முனகியது, அந்த மூச்சு வந்தது, வந்து, 'கபில்து'.

அவள் ஓரடி பின்வாங்கித் திரும்ப வந்தாள். மறுபடியும் மூச்சு, மறுபடியும் 'கபில்து'. மறையவில்லை. மூன்றாம் தடவையும் மறையவில்லை. ஊரே பயந்தது வீண் பயம், அது அவளுக்குச் சொல்லப்பட்டதே இல்லை. அதில் சிரிப்பும் இல்லை, மருந்தும் இல்லை. ஆபீசில் பேர் கேட்டால் பேர் சொல்கிறவனின் குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டா ஆயுசுக்கும் கதவைத் திறந்து வைப்பது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வாப்பாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. வெயில் அப்படி, களைப்பு அப்படி, அவள் கல்லில் கையை ஊன்றி அங்கேயே நின்றாள்.

அந்த இடத்தில் அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் நின்றதில்லை. அது வந்ததும் குரவை வந்துவிடும், குரவை முடிவதற்குள் விலகிப் போய்விடுவார்கள். இப்போது குரவை இல்லை. ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் முனகல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால், தொப்பியைக் கழற்றுகிற மாதிரி ஏதோ உரசியது.

"கேக்குதா?" என்றது குரல், தாழ்ந்து. "படம் நிக்கிது. மர்ஜானா, நீ அங்க எங்கயாவது பக்கத்துல இருக்கியா? சபையில சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். எங்க உம்மாவுக்காகச் சொன்னேன்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாத. நான் அதுக்கும் முந்தியே தலையாட்டிட்டேன், வாய் திறக்கலன்னு சந்தேகப்பட்டுத்தான் அவங்க படுத்தாங்க. எனக்குத்தான் நாலு பேர் முன்னால பேச்சு வராது. ஊர் வந்ததும் ஒங்க வீட்டு வாசல்ல நின்னு ஒனக்குன்னு ஒருதரம் கேக்குதேன். அப்பவும் சரின்னு பட்டா மட்டும் கதவத் திற."

அவ்வளவுதான். கடல் நீர் மணலுக்குள் இறங்குகிற மாதிரி அது இறங்கிப்போனது. அவள் பின்வாங்கித் திரும்ப வந்து நிழலைப் போட்டாள். மூச்சு வந்தது, 'கபில்து' வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, முருங்கைக் கிளையில் ஒரு தேன்சிட்டு மட்டும் கத்தியது.

"மறஞ்சிருச்சா?" என்று கிணற்றடியிலிருந்து ருக்கையா கேட்டாள்.

மர்ஜானா திரும்பி நடந்து வந்தாள். ருக்கையா அவள் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு எழுந்து தன் வீட்டுக்குப் போய், அரிசி மூட்டையைத் திரும்பச் சாய்த்து வைக்க ஆள் வேண்டுமா என்று மட்டும் அங்கிருந்தபடி குரல் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, ஊரின் எல்லாப் பின்வாசல்களும் சாத்தப்பட்டன. அலியார் முன்னால் வந்தார், லெப்பை நடுவில், சாட்சிகள் பின்னால், நாலு பேரும் தங்கள் பாதங்களையே பார்த்தபடி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் வளையல்கள் அசையும் சத்தம் கேட்டது. கல் பக்கத்தில் நின்றார்கள். மூச்சு, வார்த்தை. லெப்பை கண்ணை மூடினார். சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். கதவுகளுக்குப் பின்னாலிருந்து குரவை கிளம்பி முடுக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. அது அடங்கியபோது அந்த இடத்தில் குரலும் இல்லை, மூச்சும் இல்லை.

அலியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பின்வாசல் வழியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழியாக, உள்ளே வந்தார். மகள் அடுப்படியில் நின்றாள்.

"சொல்லிட்டான்," என்றார். பிறகு ஏமாற்றம் மாதிரி ஒன்று அவர் குரலில் வந்தது. "கப்பல்ல அவ்வளவு தூரத்துல இருந்து, ஒத்த வார்த்தை. அவ்வளவுதான் சொல்லிருக்கான்."

"ஒங்ககிட்ட அவ்வளவுதான், வாப்பா," என்றாள் மர்ஜானா.